மயில் கழுத்து, வாடாமல்லி, அரக்கு: புடவை கலருக்கு ஃபாண்டன்ட் கலக்கறது

வளைகாப்புக்கோ நிச்சயதார்த்தத்துக்கோ கேக் ஆர்டர் குடுக்கறவங்க இப்பல்லாம் ஃப்ளேவர் பத்தி பேசறதுக்கு முன்னாடியே கலரைத்தான் சொல்றாங்க. அதுவும் "மயில் கழுத்து கலர் உடம்பு, அரக்கு பார்டர்", "மாம்பழ மஞ்சளும் வாடாமல்லியும்" இப்படி புடவைக் கடையில சொல்ற மாதிரியே சொல்லுவாங்க. பொண்ணு கட்டியிருக்கற புடவையும் கேக்கும் ஒரே ஃபோட்டோல வரும், அந்த ஃபோட்டோ ஆல்பத்துல எத்தனையோ வருஷம் இருக்கும், அதனால ரெண்டும் பொருந்தி வரணும்னு அவங்க ஆசைப்படறது ரொம்ப நியாயம்னுதான் நான் நினைக்கறேன். ஆனா இந்த கலர்ல ஒண்ணுகூட ஜெல் பாட்டில்ல (கேக்குல கலக்கற கெட்டியான சாப்பாட்டு கலர்) ரெடியா வர்றதில்ல. யூட்யூப்ல கிடைக்கற கலர் சார்ட் எல்லாம் டஸ்டி ரோஸ், சேஜ் க்ரீன்னு வெளிநாட்டு கல்யாணத்துக்குப் போட்டது, அதை வச்சுக்கிட்டு காஞ்சிபுரம் பட்டுக்கு கலர் பிடிக்க முடியாது. புதுசா ஃபாண்டன்ட் (கேக் மேல போர்வை மாதிரி போத்தற சர்க்கரை மாவு) பழகறவங்க நிறைய பேர் இதைத்தான் கேக்கறாங்க, அதனால நான் கலக்கற விதத்தை இங்க முழுசா எழுதிடறேன்.

முதல் விஷயம், வாட்ஸ்அப்ல வர்ற புடவை ஃபோட்டோவை நம்பி கலக்க ஆரம்பிக்காதீங்க. ஒரே புடவை ட்யூப்லைட்ல ஒரு கலர், வெயில்ல ஒரு கலர், ஒவ்வொரு ஃபோன் கேமராவும் வேற ஒரு கலர் காட்டும், அதுலயும் வாடாமல்லி ஃபோட்டோல ஒண்ணு பிங்க்கா தெரியும் இல்ல நீலமா தெரியும், உள்ளபடி தெரியவே தெரியாது. நான் கேக்கறது ப்ளவுஸ் பிட். டெய்லர் வெட்டினதுல மிச்சம் விழுந்த துண்டு உள்ளங்கை அகலம் இருந்தாலே போதும், அதுவும் இல்லைன்னா முந்தானை குஞ்சத்துல இருந்து நாலு நூல். அதை ஜன்னல் பக்கத்துல பகல் வெளிச்சத்துல வச்சுத்தான் பார்க்கணும். பட்டுன்னா மின்னும், மடிப்போட மேல் பக்கம் வெளிறித் தெரியும், உள் பக்கம் கறுத்துத் தெரியும், ஃபாண்டன்ட் அப்படி மின்னாது. அதனால துணியை மடிக்காம தட்டையா விரிச்சு அதுல தெரியற கலரைப் பிடிக்கணும், மின்னற இடத்தோட கலரைப் பிடிச்சா கேக் வெளிறிப் போய் நிக்கும். ஃபங்ஷன் எங்க, எத்தனை மணிக்குன்னும் கேட்டு வச்சுக்கோங்க. மண்டபத்துல மஞ்சள் லைட் போட்டா நீலம் எல்லாம் கொஞ்சம் மங்கி பச்சைப் பக்கம் சாயும், மாம்பழ மஞ்சளும் அரக்கும் இன்னும் எடுப்பா தெரியும்.

அடுத்தது வெள்ளை ஃபாண்டன்ட். இதை யாரும் கண்டுக்கறதே இல்ல. எல்லா வெள்ளையும் வெள்ளை கிடையாது, மார்ஷ்மெல்லோ உருக்கி வீட்டுல பண்றது லேசா பழுப்பா இருக்கும், கடையில வாங்கறதுலயும் சிலது க்ரீம் கலர் சாயல்ல இருக்கும். அந்த மஞ்சள் சாயல்மேல இளநீலம் போட்டா அது கடல்பச்சையா போகும், லாவெண்டர் போட்டா சாம்பலாயிடும். டூத்பிக் நுனியில தொட்ட அளவு வயலெட் ஜெல்லை பெரிய உருண்டையில போட்டு நல்லா பிசைஞ்சா மஞ்சள் சாயல் அடங்கி வெள்ளை தெளியும். மஞ்சளும் வயலெட்டும் ஒண்ணையொண்ணு அமுக்கற கலர், அதான் காரணம். ஆனா மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சைக்கெல்லாம் இந்த வேலையே வேண்டாம், லேசான மஞ்சள் அதுக்கு நல்லதுதான்.

இப்ப கலக்கறதுக்கு வருவோம். நிறைய பேர் மொத்த வெள்ளை ஃபாண்டன்டையும் எடுத்து அதுல ஜெல்லை சொட்டு சொட்டா விட்டு பிசைஞ்சுகிட்டே போவாங்க, கொஞ்சம் மஞ்சள், அடடா பச்சையாயிடுச்சு, இன்னும் கொஞ்சம் சிவப்புன்னு. அப்படிப் போனா கடைசியில சேறு கலர்லதான் வந்து நிக்கும், ஃபாண்டன்டும் பிசுபிசுன்னு இளகிடும். நான் பண்றது இது: மஞ்சள், ஆரஞ்சு, ரெண்டு விதமான சிவப்பு, பிங்க், நீலம், பிரவுன், கறுப்பு ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன உருண்டை நல்லா அடர்த்தியா கலந்து தனித்தனியா க்ளிங் ராப் சுத்தி டப்பாவுல வச்சுக்கறது. வேணுங்கற கலரை இந்த உருண்டைகள்ல இருந்து கிள்ளி, தராசுல எடை போட்டு, வெள்ளையோட சேர்க்கறது. பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான், கொஞ்சூண்டு அடர் உருண்டை மொத்த வெள்ளையையும் மாத்திடும். இதுல பெரிய லாபம் என்னன்னா சொட்டை எண்ண வேண்டாம், கிராம்ல கணக்கு இருக்கும். முதல்ல 10 கிராம் வெள்ளையில ட்ரை பண்ணி, துணிக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்து, பிடிச்ச பிறகு அதே விகிதத்துல 600 கிராமுக்குப் போடலாம். 0.1 கிராம் காட்டற நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைன்ல கம்மி விலைக்கே கிடைக்குது, பேக்கிங்குக்கு நீங்க வாங்கற சாமான்லயே நிறைய உழைக்கப் போறது அதுதான்.

எவ்வளவு கலக்கணும்னா, 4 இன்ச் உயரத்துல 6 இன்ச் வட்டக் கேக்குக்கு சுமார் அரைக் கிலோ ஃபாண்டன்ட் ஆகும், 8 இன்ச்னா 700 கிராம் கிட்ட. அதுக்கு மேல ஒரு 100, 150 கிராம் சேர்த்தே கலந்துடுங்க. விகிதம் எழுதி வச்சிருந்தாலும் ரெண்டாவது தடவை கலக்கறது முதல்ல கலந்ததோட அச்சு அசலா சேராது, கேக்குல ஒட்டுப்போட்ட மாதிரி தெரிஞ்சுடும்.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். ஜெல் பாட்டிலோட முன்பக்கத்துல ரூபி, ரோஸ், ஸ்கார்லெட்னு என்ன வேணா எழுதியிருக்கட்டும், பின்பக்கத்தைத் திருப்பி உள்ள என்ன கலர் சேர்த்திருக்காங்கன்னு போட்டிருக்கற நம்பரைப் படிங்க. நம்ம நாட்டு உணவு விதிப்படி செயற்கை கலர்னு பல வருஷமா அனுமதியில இருக்கறது எட்டே எட்டு. சிவப்புல 122 கார்மோயிசின், 124 பான்சோ 4ஆர், 127 எரித்ரோசின். மஞ்சள்ல 102 டார்ட்ராசின், 110 சன்செட் யெல்லோ. நீலத்துல 132 இண்டிகோ கார்மைன், 133 பிரில்லியண்ட் ப்ளூ. பச்சையில 143 ஃபாஸ்ட் க்ரீன். அலமாரி நிறைய பாட்டில் அடுக்கி வச்சாலும் உள்ள இருக்கறது பெரும்பாலும் இவங்கதான், வேற வேற அளவுல கலந்து வேற வேற பேர்ல.

இந்த நம்பர் தெரிஞ்சா கலக்கறது எவ்ளோ தெளிவாகுதுன்னு பாருங்க. 124 கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாயற பளிச் சிவப்பு. 122 நீலப் பக்கம் சாயற சிவப்பு, தண்ணியா போட்டா ரோஸ், அடர்த்தியா போட்டா மெரூன் வாடை வரும். 127 செர்ரி பிங்க். ஸ்கூல்ல சிவப்பும் நீலமும் சேர்த்தா ஊதான்னு படிச்சோம் இல்லையா, அதை நம்பி 124 இருக்கற சிவப்பை நீலத்தோட கலந்தா ஊதா வராது, காய்ஞ்ச கத்தரிக்கா தோல் கலர்ல ஒண்ணு வரும். ஏன்னா அந்த சிவப்புக்குள்ள மஞ்சள் ஒளிஞ்சிருக்கு, மஞ்சள் ஊதாவை அமுக்கிடும். வாடாமல்லிக்கு வேண்டியது பிங்க்கும் நீலமும். 127 பிங்க்ல பத்துப் பங்குக்கு 133 நீலம் ஒரு பங்கு போட்டு ஆரம்பிங்க, அப்படியே கண்ணைப் பறிக்கற வாடாமல்லி வரும், துணியைப் பார்த்து நீலத்தை கூட்டிக்கலாம். நான் சொல்ற பங்கெல்லாம் ஆரம்பிக்கற இடம்தான், உங்க உருண்டை எவ்ளோ அடர்த்தின்னு பொறுத்து மாறும்.

ஆனா வாடாமல்லிக்கு ஒரு ஆபத்து இருக்கு. 127 வெளிச்சத்துக்கு நிக்காது. ஷோகேஸ் லைட்லயோ ஜன்னல் வெயில்லயோ வச்சா பிங்க் மெல்ல மெல்ல வெளிறும், 133 நீலம் அப்படியே இருக்கும், சாயங்காலம் பார்த்தா வாடாமல்லி கேக் நீல கேக்கா மாறியிருக்கும். பெயரே வாடாமல்லி, பூ வாடாது, ஃபாண்டன்ட் வாடும். அதனால இந்த கலர் கேக்கை எப்பவும் மூடின அட்டைப் பெட்டியிலதான் வைக்கணும், ட்ரான்ஸ்பரன்ட் டப்பா வேண்டாம், ஃபங்ஷன்ல திறந்தவெளி லான்ல பகல்ல வைக்கற மாதிரி இருந்தா 127-ஓட பாதிக்கு பாதி 122 கலந்துடறேன், கொஞ்சம் பளபளப்பு குறையும், ஆனா நிலைச்சு நிக்கும். அமெரிக்காவுல 2025 ஜனவரியில இந்த 127-க்கு சாப்பாட்டுல போட குடுத்திருந்த அனுமதியை வாபஸ் வாங்கிட்டாங்க, அங்க ரெட் 3ன்னு சொல்லுவாங்க. அங்க இருந்து வர்ற பிங்க் ஜெல்லோட ஃபார்முலா எல்லாம் மாறிட்டு வருது, அதனால பழைய பாட்டில்ல எழுதி வச்ச விகிதத்தை புது பாட்டிலுக்கு அப்படியே போடாம ஒரு தடவை 10 கிராம்ல பார்த்துக்கோங்க.

அரக்கு சுலபம், பொறுமைதான் வேணும். 122 சிவப்பு எட்டுப் பங்கு, பிரவுன் ரெண்டு பங்கு, நீலம் நகக்கண் அளவு. கறுப்பு போட்டு இருட்டாக்காதீங்க, கறுப்பு போட்டா செத்த கலரா இருக்கும், பிரவுன் போட்டாத்தான் அந்த சூடு வரும். அரக்கு, கறுப்பு, கடும் நீலம் இந்த மாதிரி அடர் கலர் எல்லாம் கலந்த உடனே பார்த்து முடிவு பண்ணக் கூடாது, க்ளிங் ராப் சுத்தி ராத்திரி முழுக்க விட்டா அதுவே ஒரு படி அடர்த்தியாகும். நீங்க நினைக்கற கலருக்கு ஒரு படி கம்மியாவே நிறுத்திட்டு தூங்கப் போயிடுங்க.

மாம்பழ மஞ்சளுக்கு 102 மஞ்சள்ல ஆரஞ்சு உருண்டை இருபதுல ஒரு பங்கு, அவ்ளோதான், அதுக்கு மேல போனா சாமந்திப்பூ ஆயிடும். கிளிப்பச்சைக்கு ரெடிமேட் பச்சை ஜெல்லே வேண்டாம், மஞ்சள் பத்துப் பங்குக்கு நீலம் ஒரு பங்கு. எம்.எஸ். ப்ளூ கேட்டா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா பேர்ல நிக்கற கலர் இல்லையா அது, அதை ராயல் ப்ளூவா போட்டு குடுக்கறது எனக்கு மனசு ஒப்பாத காரியம். 133 நீலம் தன்னால கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயற நீலம். அதுல 122 சிவப்பு கொஞ்சம் சேர்த்தா பச்சை சாயல் அடங்கி ஆழமான நீலத்துக்கு வரும், கடைசியா கறுப்பு துளியூண்டு சேர்த்தா அந்த நடுக்கடல் ஆழம் கிடைக்கும்.

மயில் கழுத்து மட்டும் ஒரே கலரா கலந்து பிடிக்கவே முடியாது. ஏன்னா அது ஒரு கலர் இல்ல. பாவு நூல் ஒரு கலர், ஊடை நூல் ஒரு கலர், நீலமும் பச்சையும் குறுக்க நெடுக்க ஓடறதால அசையும்போது ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் பச்சைன்னு மாறி மாறித் தெரியுது. நீலத்தையும் பச்சையையும் ஒண்ணா பிசைஞ்சா டீல் கலர்தான் வரும், அது அசையாது. நான் பண்றது, ஃபாண்டன்டை கடும் மயில் நீலத்துல கலந்து கேக்கை மூடி, மேற்பரப்பு காய்ஞ்ச பிறகு பச்சை லஸ்டர் டஸ்ட்டை (மினுமினுக்கற பவுடர்) காய்ஞ்ச மென்மையான பிரஷ்ல ஒரே திசையில, ஒரு பக்கமா இருந்து லேசா இழுக்கறது. எதிர்ப்பக்கத்துல போடக் கூடாது. அப்பத்தான் கேக்கை சுத்தி வரும்போது நீலம் பச்சையா மாறும். ரவிக்கை பார்டர் மாதிரி அரக்கு ரிப்பனும் அடியில குடுத்துட்டா புடவைதான்.

லஸ்டர் டஸ்ட் பத்தி ஒரு நிமிஷம் சீரியஸா சொல்றேன். பாட்டில்ல "நான் டாக்ஸிக்"னு போட்டிருந்தா அது சாப்பிடறதுக்குன்னு அர்த்தம் இல்ல. "எடிபிள்"னு போட்டு, என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு பட்டியலும், நம்ம ஊர் சாமானா இருந்தா எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட (நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க லைசென்ஸ் நம்பரும் இருக்கணும். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல 2018-ல ஒரு குழந்தையோட முதல் பிறந்தநாள் கேக்ல ரோஸ் கோல்ட் டஸ்ட் போட்டிருக்காங்க, சாப்பிட்ட ஆறு குழந்தைங்களுக்கு வாந்தி, வயித்தாலை, சோதிச்சுப் பார்த்தா அந்தப் பவுடர்ல பெரும்பகுதி செம்பு. அலங்காரத்துக்கு மட்டும்னு இருக்கறதை சாப்பாட்டுல போட்டதோட விளைவு. நாம பண்ற கேக்கும் பெரும்பாலும் குழந்தைங்க வாய்க்குத்தான் போகுது. கலர் கொஞ்சம் பொருந்தலைன்னாலும் பரவாயில்ல, இந்த விஷயத்துல விட்டுக் குடுக்கவே கூடாது.

அதே மாதிரிதான் பஞ்சு மிட்டாய் விஷயமும். 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டாங்க, அதுல ரோடமைன் பி இருந்ததாலதான், துணிக்கும் காகிதத்துக்கும் போடற சாயம் அது. லேபிள் இல்லாம பொட்டலம் கட்டி விக்கற பிங்க் பவுடர் எவ்ளோ பளிச்சுனு இருந்தாலும் தொடாதீங்க. அனுமதிச்ச கலருக்கும் அளவு இருக்கு, பெரும்பாலான சாப்பாட்டுல ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைக்கும்தான். அதனால முழுக் கேக்கையும் கறுப்பாவோ கடும் சிவப்பாவோ மூடித் தரச் சொன்னா நான் பேசிப் பார்ப்பேன், உடம்பு வெளிர் கலர்லயும் பார்டர், பூ, டேஸல் மட்டும் அடர் கலர்லயும் பண்ணலாமான்னு. பெரும்பாலும் ஒத்துக்கறாங்க, பார்க்கவும் அதுதான் அழகு. கறுப்பு வேணும்னா வெள்ளையில இருந்து ஆரம்பிக்காதீங்க, கோகோ பவுடர் பிசைஞ்சு நல்ல பிரவுன் ஆக்கிட்டு அதுக்கு மேல கறுப்பு ஜெல் போட்டா கால்வாசி ஜெல்கூட ஆகாது, கசப்பும் இருக்காது. கோகோ ஈரத்தை உறிஞ்சும், அதனால கையில கொஞ்சம் டால்டா தடவிக்கிட்டு பிசையுங்க.

வளைகாப்பு கேக் மேல பொண்ணு பொம்மை வைக்கறோம் இல்லையா, அதோட தோல் கலர் பத்தி எனக்கு சொல்லியே ஆகணும். ஸ்கின் டோன்னு பேர் போட்டு வர்ற ஜெல், ரெடிமேட் ஃபாண்டன்ட் நிறைய வெளிர் பிங்க்கா, பீச் கலர்லதான் இருக்கு. அதை அப்படியே போட்டு நம்ம வீட்டுப் பொண்ணுன்னு மேல உக்கார வைக்கறாங்க. ப்ளீஸ், அப்படிப் பண்ணாதீங்க. பிரவுன் உருண்டையில ஆரம்பிச்சு, மஞ்சள் கொஞ்சம், 124 சிவப்பு அதைவிட கம்மி, பிறகு வெள்ளையைக் கூட்டிக் குறைச்சு அந்தப் பொண்ணோட நிறத்துக்குக் கொண்டு வாங்க. மாநிறம், கறுப்பு எல்லாத்துக்கும் இதே மூணுதான், வெள்ளையோட அளவுதான் மாறும். கோகோ மட்டும் போட்டா சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தாத்தான் உயிர் வரும். பொண்ணோட நிறத்தை "கொஞ்சம் வெளுப்பா போட்டுடுங்க"ன்னு வீட்டுல யாராவது சொன்னாலும் நான் பண்றதில்ல. பொம்மையைப் பார்த்ததும் அந்தப் பொண்ணு தன்னை அடையாளம் கண்டுபிடிக்கணும், நான் வாங்கற காசு அதுக்குத்தான்.

ஈரக்காத்து பத்தி நிறைய சொல்ல வேண்டாம், கடற்கரை ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். சர்க்கரை காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், ஜெல் அதிகமானாலும் இளகும். ஒட்ட ஆரம்பிச்சா ஐசிங் சுகர் போட்டுக்கிட்டே போகாதீங்க, கலர் வெளிறிடும். சிஎம்சி பவுடர் (ஃபாண்டன்டை இறுக்கறதுக்குப் போடற தூள்) கால் டீஸ்பூன் போட்டு பிசைஞ்சு கொஞ்ச நேரம் விட்டா இறுகிடும். அடர் கலரைத் தேய்க்கும்போது பலகையில ஐசிங் சுகரோ கார்ன்ஃப்ளாரோ தூவினா திட்டுத் திட்டா வெள்ளை நிக்கும், லேசா டால்டா தடவி அது மேல தேய்ங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கேக் வேர்க்கும், அப்ப விரல் பட்டா கலர் வழிஞ்சு பக்கத்து வெள்ளையில இறங்கிடும், அதனால அட்டைப் பெட்டியோட எடுத்து, பெட்டியைத் திறக்காம அறைச் சூட்டுக்கு வர விடுங்க, வேர்த்தது தானா காய்ஞ்சுடும்.

குக்கீக்கும் இதே கலர்தான், ரெண்டு விஷயம் மட்டும் வேற. அங்க ஃபாண்டன்ட் 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், அடியில இருக்கற குக்கீயோட பழுப்பு வெளிர் கலரைக் கொஞ்சம் மங்க வைக்கும், அதனால கலரை சின்னதா ஒரு படி ஏத்திக்கலாம். அப்புறம் குக்கீ முழுசா ஆறணும், சூடா இருக்கும்போது ஒட்டினா வெண்ணெய் மேல ஏறி எண்ணெய்த் திட்டு விழும். வளைகாப்புக்கு கண்ணாடி வளையல் மாதிரி குக்கீ பண்றேன், பச்சை, சிவப்பு, மஞ்சள்னு அடுக்கி வைக்கறது, அதுக்குப் புடவைக்குக் கலந்ததுல மிச்சம் இருக்கற உருண்டையே போதும். தாம்பூலப் பையில ஒண்ணு போட்டுக் குடுத்தா விருந்தாளிங்க ரொம்ப ரசிக்கறாங்க.

மிச்சமான கலரைத் தூக்கிப் போடாதீங்க. டால்டா மெல்லிசா தடவி, க்ளிங் ராப் இறுக்கி சுத்தி, காத்துப் போகாத டப்பாவுல வெளிச்சம் படாத அலமாரியில வைங்க, ஃப்ரிட்ஜ் வேண்டாம். மேல ஒரு ஸ்டிக்கர்ல விகிதத்தையும் எந்த பாட்டில், எந்த நம்பர்ங்கறதையும் எழுதுங்க. நான் ப்ளவுஸ் பிட்ல இருந்து ஒரு சின்ன துண்டை வெட்டி நோட்டுல ஒட்டி, பக்கத்துல கிராம் கணக்கை எழுதி வச்சுடறேன். வளைகாப்புக்கு கேக் வாங்கின வீட்டுல இருந்து குழந்தையோட முதல் பிறந்தநாளுக்கு திரும்ப வருவாங்க, "அதே அரக்கு வேணும்கா"ன்னு கேப்பாங்க, அப்ப அந்தப் பக்கத்தைப் புரட்டினா போதும். உங்க ஊர்ல வேற என்ன புடவை கலர் கேக்கறாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, பொன்வண்டு கலர் யாராவது ஒழுங்கா பிடிச்சிருந்தா அந்த விகிதத்தையும் எழுதுங்க, நான் இன்னும் அதுல வேலை பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.